பிரமதண்டும் கடுகெண்ணெயும்: ஒரு பிழையின் வரலாறு

தொடர்வண்டிப் பாதையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் தன்போக்கில் வளர்வது பிரமதண்டு. குடியோட்டிப் பூண்டு என்றும் தமிழில் இதற்குப் பெயருண்டு. சாம்பல் பூத்த பச்சை இலை, அதில் வெள்ளை வரிகள், விளிம்பெங்கும் முள், உச்சியில் மஞ்சள் பூ, ஒடித்தால் வடியும் மஞ்சள் பால் என இதன் அடையாளங்கள் வெளிப்படையானவை. வயலில் நிற்கும்போது இதனைக் கடுகுச் செடியோடு எவரும் மயங்குவதில்லை. கடுகுச் செடிக்கு முள் இல்லை. அதன் காய் மெலிந்து நீண்டது. பிரமதண்டின் காயோ முள் போர்த்தது. ஆனால் காய் முற்றி வெடித்து விதை சிதறிய பின் இவ்வேறுபாடுகளுள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது கடுகளவே உள்ள, கடுகைப் போலவே உருண்ட, கருநிற விதை மட்டுமே. உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் பிரமதண்டு விதையின் மேல்தோலில் வலைப்பின்னல் போன்ற வரம்புகளும் குழிகளும் தெளிவாகத் தெரியும். மூட்டையில் கலந்து கிடக்கையில் அவ்வாறு பார்ப்பவர் இல்லை.

இவ்விரு விதைகளின் ஒற்றுமை இந்தியாவில் நூற்றாண்டுக்கும் மேலாக மனித உயிர்களைப் பறித்து வந்துள்ளது. கல்கத்தாவில் 1877இல் அறியப்பட்ட பெருவாரி நீர்வீக்கம் முதல் தில்லியில் 1998இல் நிகழ்ந்த சாவுகள் வரை அவ்வரலாறு நீள்கிறது. அதனைத் தொகுத்து நோக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். பிழை எங்கே நிகழ்ந்தது? வயலிலா, ஆலையிலா, கடையிலா, மருத்துவமனையிலா? "தவறுதலாகக் கலந்துவிட்டது" என்னும் தொடர் இக்கேள்விக்கான விடையைப் பெரும்பாலும் மறைக்கவே பயன்பட்டிருக்கிறது.

பிரமதண்டு இந்திய மண்ணுக்கு உரியதன்று. மெக்சிகோவும் அதனை அடுத்த வெப்பமண்டல அமெரிக்காவும் இதன் தாயகம். அபினிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் 1753இல் இதற்கு ஆர்கிமோன் மெக்சிகானா என்று பெயரிட்டார். ஆர்கிமோன் என்னும் சொல் கண்ணில் விழும் வெண்படலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதனை ஒத்த ஒரு செடியின் சாற்றைக் கிரேக்கர் கண் மருந்தாகக் கருதியதே காரணம். ஐரோப்பியக் கடல் வணிகத்தின் காலத்தில் இந்தியா வந்தடைந்த இச்செடி, கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் ராக்ஸ்பர்க் தமது இந்தியத் தாவரத் தொகுப்பில் இடம் கொடுக்கும் அளவுக்கு வங்கத்தில் பரவிவிட்டது.

மக்கள் இட்ட பெயர்களும் இச்செடியின் வருகையை நினைவில் வைத்திருக்கின்றன. வட இந்தியாவில் இதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று 'பரங்கி தத்தூரா', அதாவது பரங்கியரின் ஊமத்தை. வங்காளத்தில் 'ஷியால்காண்டா', நரிமுள். இந்தியில் 'சத்தியானாசி', அடியோடு அழிப்பது என்பது அதன் பொருள். இப்பெயர்களில் அயன்மையும் அச்சமும் பதிந்துள்ளன. அதே வேளையில் பழைய வடமொழி மருத்துவ நூல்களில் காணப்படும் 'சுவர்ணக்ஷீரி', பொன்னிறப் பால் உடையது, என்னும் பெயரும் பிற்காலத்தில் இதன்மீது ஏற்றப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செடி அந்நூல்கள் குறிப்பிட்ட மூலிகையாக இருத்தல் இயலாது. மஞ்சள் பால் என்னும் ஒற்றை அடையாளத்தைக் கொண்டு புதிய செடிக்குப் பழைய செடியின் பெயர் சூட்டப்பட்டது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் பிழை, விதையில் நிகழ்வதற்கு முன்பே பெயரில் நிகழ்ந்துவிட்டது.

1877இல் கல்கத்தாவில் மருத்துவர்கள் ஒரு புதிய நோயைக் கண்டனர். இரு கால்களும் வீங்கின, தோல் சிவந்து எரிந்தது, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன, மூச்சுத் திணறியது, சிலர் இதயம் தளர்ந்து இறந்தனர். ஆங்கிலேய மருத்துவர்கள் இதனை 'எபிடமிக் டிராப்சி' என்றனர். தமிழில் பெருவாரி நீர்வீக்கம் எனலாம். அடுத்த ஆண்டே, 1878-79இல், இந்தியக் கூலித்தொழிலாளர் சென்று குடியேறிய மொரீசியசுத் தீவிலும் இத்தகைய நோய் தோன்றியது. கல்கத்தாவில் அது அடுத்தடுத்த பத்தாண்டுகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது.

இந்நோய் பரவிய விதம் குழப்பம் தருவதாக இருந்தது. ஒரே வீட்டில் பலர் ஒருசேர நோயுற்றனர். அண்டை வீட்டார் நலமாக இருந்தனர். குடும்பத்திற்குள் பரவுவதைக் கண்ட சிலர் இதனைத் தொற்றுநோய் என்று கருதினர். எல்லா வயதினரையும் தாக்கிய நோய், தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைகளை விட்டுவைத்தது. இது உணவைச் சுட்டும் குறிப்பாகும். ஆனால் எந்த உணவை?

அக்காலத்து மருத்துவ அறிவு சுட்டியது அரிசியை. பெரிபெரி நோய்க்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பு அந்நாளில் ஆசியா முழுவதும் ஆராயப்பட்டு வந்தது. பெரிபெரியிலும் கால் வீங்கும்; இதயம் தளரும். வங்காளியரோ அரிசி உண்போர். ஆகவே பெருவாரி நீர்வீக்கம் பெரிபெரியின் ஒரு வகையே என்ற முடிவு இயல்பாகத் தோன்றியது. 1920களில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆக்டனும் சோப்ராவும், ஈரப்பதத்தில் சேமித்துக் கெட்டுப்போன அரிசியில் உண்டாகும் நஞ்சே காரணம் என்று வாதிட்டனர். மெகாவும் கெட்ட அரிசியையே குற்றம் சாட்டினார்.

இவர்களைக் கவனமற்றவர்கள் என்று கூறுவது நியாயமன்று. அரிசி உண்டோர் நோயுற்றனர் என்ற அவர்களது கூற்று உண்மையே. ஆனால் வங்காளி வீட்டில் அரிசிச் சோறு வெந்த அடுப்பில்தான் மீனும் காயும் கடுகெண்ணெயில் வெந்தன. அரிசி உண்டவர் எவரோ அவரே கடுகெண்ணெயும் உண்டவர். இரண்டும் பிரியாமல் ஒரே தட்டில் இருந்தபோது, ஏற்கெனவே ஐயத்திற்குள்ளான அரிசியின் மீதே பழி விழுந்தது. ஒரே கடையில் எண்ணெய் வாங்கிய குடும்பம் முழுவதும் நோயுற, வேறு கடையில் வாங்கிய அண்டை வீடு தப்பியதன் காரணம் அரிசியை நோக்கிய கண்களுக்குப் புலப்படவில்லை.

பெரிபெரியோடு முழுதும் பொருந்தாத குறிகளும் இருந்தன. பெரிபெரியில் காணப்படும் நரம்புத் தளர்ச்சி இந்நோயில் இல்லை. தோலின் சிவப்பும் எரிச்சலும் பெரிபெரிக்கு உரியன அல்ல. எல்லாவற்றிலும் தெளிவான குறியைக் கல்கத்தாவின் கண் மருத்துவர் மேனார்டு 1909இல் வெளியிட்டார். பெருவாரி நீர்வீக்க நோயாளிகளிடம் கண்ணின் உள்ளழுத்தம் உயர்வதை அவர் கண்டார்; பார்வையையே பறிக்கக்கூடிய கண் அழுத்த நோய் அது. சத்துக்குறைவு நோய் எதுவும் இவ்வாறு செய்வதில்லை. கண் மருந்தின் பெயரைத் தாங்கிய செடியே அப்பார்வைக்கேட்டின் காரணம் என்பது தெளிவாக மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

எண்ணெயை நோக்கிக் கை நீண்டது 1920களின் நடுவில். 1926இல் சர்க்கார் என்னும் மருத்துவர், கடுகெண்ணெயில் கலந்த பிரமதண்டு எண்ணெயே நஞ்சு என்று 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் எழுதினார். உடனடியாக எவரும் அதனை முழுமையாக ஏற்கவில்லை. 1930களில் கல்கத்தாவின் அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனத்தைச் சேர்ந்த லாலும் ராயும் நோய் கண்ட வீடுகளின் உணவை ஆராய்ந்து, 1937இல் கடுகெண்ணெயை நேராகச் சுட்டினர். எந்த எண்ணெய் உண்ட வீட்டில் நோய் தோன்றியதோ அவ்வெண்ணெயை மனிதர்க்குக் கொடுத்துச் சோதிப்பது அடுத்த படியாயிற்று. 1939இல் சோப்ராவும் லாலும் அவர்தம் கூட்டாளிகளும், தாமாக முன்வந்தோர்க்குப் பிரமதண்டு எண்ணெய் கொடுத்து அந்நோயின் குறிகளைத் தோற்றுவித்துக் காட்டினர். அரிசியின் மேல் பழி சுமத்தியவர்களுள் ஒருவரான சோப்ராவே, பதினைந்து ஆண்டுகளுக்குள் அப்பழியை நீக்கிய ஆய்விலும் பங்கு கொண்டார் என்பது அறிவியல் வரலாற்றில் குறிக்கத்தக்கது. நஞ்சின் வேதிப்பொருள் சாங்குவினரின் என்பதை மற்றொரு சர்க்கார் 1948இல் நிறுவினார்.

சாங்குவினரின் நுண்குருதிக் குழாய்களை விரியச் செய்து அவற்றின் சுவரைக் கசியச் செய்கிறது. குருதியின் நீர் திசுக்களில் இறங்கி வீக்கம் உண்டாகிறது. உடல் சர்க்கரையை எரித்து ஆற்றல் பெறும் பாதையில் பைருவிக் அமிலம் மேலும் எரியாமல் தேங்கவும் இது காரணமாகிறது. பெரிபெரியில் தயமின் என்னும் உயிர்ச்சத்து குறைவதால் தேங்குவதும் இதே அமிலம்தான். விதை கடுகைப் போல் தோன்றியதைப் போலவே, நோயும் பெரிபெரியைப் போல் தோன்றியதற்கு உடலின் உள்ளேயே காரணம் இருந்தது. மயங்கிய மருத்துவரும் ஒரு மெய்யான ஒற்றுமையைக் கண்டே மயங்கினர்.

காரணம் அறியப்பட்ட பின் நோய் ஒழிந்திருக்க வேண்டும். அதைத் தடுக்கும் வழியும் அரியதன்று. எண்ணெயில் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து அசைத்தால், பிரமதண்டு எண்ணெய் கலந்திருப்பின் அமிலப் படலம் செம்மஞ்சளாக மாறிக் காட்டும். கலப்பு மிகச் சிறிதாயின் வேறு நுண்ணிய சோதனைகள் உண்டு. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட தரங்கள், கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் இருத்தல் கூடாது என்று விதித்தன. அறிவும் இருந்தது, சோதனையும் இருந்தது, சட்டமும் இருந்தது.

எனினும் 1998 ஆகஸ்டு மாதம் தில்லியில் கால் வீங்கி, மூச்சுத் திணறி, மக்கள் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தனர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் நோயுற்றனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நோய் அண்டை மாநிலங்களுக்கும் பரவியது. இந்நோய்க்கு மாற்று மருந்து இல்லை. நச்சு எண்ணெயை நிறுத்துவதும், நீரை வெளியேற்றும் மருந்தும், ஓய்வும், இதயத்தைக் காப்பதுமே செய்யத்தக்கவை. கல்கத்தாவில் அரை நூற்றாண்டுக்கும் முன்னர்த் தீர்ந்துவிட்ட ஒரு புதிருக்கு, நாட்டின் தலைநகரம் மீண்டும் உயிர்களை விலையாகக் கொடுத்தது.

இங்கேதான் 'தவறுதல்' என்னும் சொல் ஆராயத்தக்கது. பிரமதண்டு கடுகு வயலிலும் களையாக முளைக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் முற்றும். ஆகவே அறுவடையில் சிறிது கலப்பது இயல்பு என்று கூறலாம். அது முற்றிலும் பொய்யும் அன்று. ஆனால் முள் போர்த்த செடியை அறுப்பவர் அறியாமல் அறுப்பதில்லை. எண்ணெயில் நூற்றில் ஒரு பங்கு பிரமதண்டு எண்ணெய் இருந்தாலே நோய் உண்டாகக் கூடும் என்று நூல்கள் கூறுகின்றன. ஆயிரக்கணக்கானோர் ஒரே காலத்தில் நோயுறும் அளவுக்கு ஒரு பெருநகரின் எண்ணெயில் நஞ்சு சேர வேண்டுமாயின், வயலோரத்துக் களை தற்செயலாக உதிர்த்த விதை போதாது. விதைப்புச் செலவோ நீர்ச் செலவோ இல்லாமல் தரிசில் கிடைப்பது பிரமதண்டு விதை. எண்ணெய் வளமும் உடையது. அதன் எண்ணெயும் மஞ்சள் சாயல் கொண்டது. கடுகின் விலை உயரும்போது இவ்விதை ஒரு பண்டமாகிறது. உருவ ஒற்றுமை அவ்வணிகத்திற்கு வாய்த்த மறைப்பு. அகப்பட்டால் 'தவறுதல்' என்று கூறிக்கொள்ள இயற்கையே ஒரு சான்றை ஆயத்தமாக வைத்திருக்கிறது.

இவ்வரலாற்றில் உண்போரின் கண் எங்கே இருந்தது என்பதையும் நோக்க வேண்டும். தம் வயலின் கடுகையோ சந்தையில் பொறுக்கி வாங்கிய கடுகையோ செக்கில் கொடுத்து எண்ணெயாகப் பெறுபவர் விதையைக் காண்கிறார். புடைத்துச் சலித்து, ஐயமுற்றதை எறிகிறார். கிராமத்துப் பெண்டிரின் முறம் ஒரு சோதனைக்கூடமாக இருந்தது. நகரத்தில் எண்ணெயை எண்ணெயாகவே வாங்குபவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. எவ்வூர் விதை, எவ்வாலை, எத்தனை கைகள் என்று அவர் அறியார். விதைக்கு உருவம் உண்டு, எண்ணெய்க்கு இல்லை. விதையைக் கடுகென்று பிறழக் கொண்டவர் ஒருவராக இருக்கலாம். கொள்வதுபோல் நடித்தவர் மற்றொருவராக இருக்கலாம். நோயுற்றவரோ எதையும் பிறழ உணரவில்லை. பிழை செய்வதற்கான வாய்ப்புக்கூட அவருக்குத் தரப்படவில்லை. முதல் பெருவாரி ஒரு மாநகரத்தில் அறியப்பட்டதையும், அதற்கு நூற்றிருபது ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த பெருவாரி மற்றொரு மாநகரத்தில் நிகழ்ந்ததையும் இந்நோக்கில் பொருத்திப் பார்த்தல் தகும்.

தமிழ்நாட்டின் நிலை இவ்வாதத்திற்கு ஓர் ஒப்பீடாக அமைகிறது. பிரமதண்டு இங்கும் வழியெங்கும் வளர்கிறது. சித்த மருத்துவத்திலும் இதற்கு இடமுண்டு. ஆயினும் பெருவாரி நீர்வீக்கம் பெரும்பாலும் கடுகெண்ணெயில் சமைக்கும் வட, கிழக்கு இந்தியாவின் நோயாகவே இருந்து வந்துள்ளது. தமிழர் சமையலில் கடுகு தாளிப்பதற்கு மட்டுமே. எண்ணெய் எள்ளிலிருந்தும் தேங்காயிலிருந்தும் கடலையிலிருந்தும் வருவது. தாளிப்பவர் ஒரு சிட்டிகை விதையைக் கண்ணால் கண்டே எண்ணெயில் இடுகிறார். செடி ஒன்றே, நஞ்சும் ஒன்றே, அடுப்படிக்கு வரும் வழி மட்டுமே வேறு. அவ்வழி வேறானதால் நோய் இல்லை.

1998க்குப் பின் அரசு எடுத்த நடவடிக்கை, பொட்டலம் கட்டாத சில்லறை எண்ணெய் விற்பனையைத் தடுப்பதாக அமைந்தது. முத்திரையிட்ட புட்டியில் ஆலையின் பெயர் இருக்கும். பிழை நேர்ந்தால் பொறுப்பாளரைத் தேட இயலும். அவ்வளவில் அது நியாயமானது. ஆனால் அதன் சுமை சமமாக விழவில்லை. நாள்தோறும் கிண்ணத்தில் சிறிதளவு வாங்கும் கூலித்தொழிலாளிக்கு அடைத்த புட்டி எட்டாத விலை. கண்முன்னே விதையை ஆட்டிக் கொடுத்து வந்த செக்காரர், புட்டியும் முத்திரையும் இல்லாமையால் சட்டத்தின் முன் கலப்படக்காரரோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார். உண்போர் கண்ணால் காணக்கூடிய பழைய வழி மேலும் குறுகியது. காணாமல் நம்ப வேண்டிய புதிய வழி அகன்றது. அந்நம்பிக்கைக்குப் பிணையாக நிற்க வேண்டியது சோதனைக்கூடமும் ஆய்வாளரும். உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் 1998க்குப் பிறகும் இந்நோய் தோன்றியுள்ளமை, அப்பிணை எத்துணை வலுவற்றது என்பதைக் காட்டும்.

பிரமதண்டை நச்சுச் செடி என்று குறித்துவிட்டு அமைவது எளிது. அது தன்னை ஒளித்துக்கொண்ட செடியன்று. முள்ளும் மஞ்சள் பாலும் மக்கள் இட்ட பெயர்களும் அதன் இயல்பை அறிவித்துக்கொண்டே இருந்தன. வயலில் நின்றவர் அதனை அறிந்திருந்தார். கல்கத்தாவின் மருத்துவர் அறுபது ஆண்டு உழைப்பில் அறிந்துகொண்டார். தில்லியில் இறந்தவர்க்கு மட்டும் அவ்வறிவு எட்டவில்லை. அவர்களுக்கும் விதைக்கும் இடையே நின்றோர் அதனை எட்டவிடவில்லை. செடியை அறியாமை இந்நோயின் முதல் அறுபது ஆண்டுகளை விளக்கும். பின்வந்த அறுபது ஆண்டுகளை விளக்க வேறு சொல் வேண்டும். 'தவறுதல்' அச்சொல் அன்று.